கூகுள் ஃபேமிலி லிங்க்: பையன் கையில் போன் இருக்கும் வடசென்னை வீட்டுக்கு எவ்வளவு உதவும்?

பிள்ளையின் போனில் நேரத்தையும் ஆப் நிறுவலையும் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்த உதவும் செயலி இது. விலை எதுவும் இல்லை. பெற்றோர் கையில் ஆண்ட்ராய்டு போன், ஐபோன் எது இருந்தாலும் போதும். பையன் கையில் இருப்பது ஆண்ட்ராய்டாக இருக்க வேண்டும். அவனிடம் ஐபோன் இருந்தால் இந்தச் செயலியால் பெரிதாகப் பயனில்லை, ஆப்பிளின் சொந்த 'ஸ்க்ரீன் டைம்' பக்கம் போய்விடுங்கள். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, அம்மாவோ அப்பாவோ பையனோடு சேர்ந்து உட்கார்ந்தால் அரைமணியில் வேலை முடியும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ராத்திரி 2 மணி வரை ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடிவிட்டுக் காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்கி வழிகிற 12 வயதுப் பையனுக்கு இது நல்ல மருந்து. கண்ட ஆப்பையும் இறக்கும் பழக்கத்தையும் நிறுத்தும். ஆனால் 14 வயதுக்கு மேல் பையன்கள் மாட்டிக்கொள்வது வேறு இடங்களில்: பெண் பெயரில் வரும் ஃபேக் ஐடி, டைமண்ட் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசு) டாப்அப் மோசடி, பேங்க் அக்கவுண்ட்டை வாடகைக்குக் கேட்கும் 'அண்ணன்', கத்தி பிடித்த ரீல்ஸ். இவை எதையும் ஃபேமிலி லிங்க் பார்ப்பதில்லை. நேரமும் ஆப் நிறுவலும்தான் அதன் கைக்குள் வரும். உரையாடல் வராது. இதைத் தெரிந்துகொண்டு நிறுவினால் ஏமாற்றம் இல்லை.

பையன்களுக்கு என்று எதற்குத் தனியாக எழுத வேண்டும்? பெண் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்தால் அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டு அத்தை வரை எடுத்துப் பார்க்கிறார்கள். பையன் விஷயத்தில் "ஆம்பளப் புள்ள, அவனுக்கு இன்னா ஆயிடப் போவுது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. படத்தை வைத்து மிரட்டிப் பணம் கேட்கிற கும்பல்கள் உலகம் முழுக்க அதிகம் குறிவைப்பது 14 முதல் 17 வயதுப் பையன்களைத்தான். வெளியே சொல்ல வெட்கப்படுவான், வீட்டில் யாரும் கேட்கவும் மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சட்டம் இதில் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012 போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிறையாத எவரும்.

போன் வாங்கும்போதே

இந்தப் பகுதியில் பையனின் முதல் போன் பெரும்பாலும் வீட்டில் யாரோ பயன்படுத்திக் கொடுத்தது, அல்லது பர்மா பஜாரில் கைமாறி வந்தது. ஃபேமிலி லிங்க் ஒழுங்காக வேலை செய்ய ஆண்ட்ராய்டு 7 அல்லது அதற்கு மேல் வேண்டும். கடைக்காரர் எதிரிலேயே போனை முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். ரீசெட் ஆனபின் பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்டால் அந்தப் போன் வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி செயலியில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் போன் என்று தடை செய்யப்பட்டிருந்தால் அங்கேயே தெரியும். பையன் ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்பதைத் தவிர்க்க இந்த இரண்டு நிமிடம் போதும்.

13 வயது நிறையாத பையனுக்கு உங்கள் போனில் உள்ள ஃபேமிலி லிங்க்கிலேயே புதுக் கணக்கு தொடங்கலாம். பிறந்த வருடத்தை உண்மையாகப் போடுங்கள். "சீக்கிரம் முடியட்டும்" என்று 2000 என்று போட்டால் கூகுளுக்கு அவன் பெரியவன், பிறகு எந்தக் கட்டுப்பாடும் ஒட்டாது. 13 தாண்டிய, ஏற்கெனவே ஜிமெயில் வைத்திருக்கும் பையன் என்றால் அவன் போனில் செட்டிங்ஸ், அதில் கூகுள், அதில் பெற்றோர் கட்டுப்பாடு என்று போக வேண்டும். உங்கள் கணக்கில் நுழைந்தபின் அவன் தன் கடவுச்சொல்லைப் போட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். அவன் சம்மதிக்காமல் இது நடக்காது. பலருக்கு இது எரிச்சல். எங்கள் பார்வையில் செயலியின் நல்ல குணங்களில் இதுவும் ஒன்று: எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பையனிடம் பேசாமல் பூட்டுப் போட முடியாது.

அந்தப் போனில் வேறு கூகுள் கணக்கு ஏதும் இருந்தால் நீக்கிவிடுங்கள். அம்மாவின் ஜிமெயில் உள்ளே இருந்தால், பிளே ஸ்டோரில் அந்தக் கணக்குக்கு மாறி ஆப்பை இறக்கிவிடுவான், உங்களுக்கு ஒப்புதல் கேட்டு எதுவும் வராது. "செயலி வேலையே செய்யல" என்று சொல்பவர்களில் நிறையப் பேர் வீட்டில் நடந்திருப்பது இதுதான்.

எதை எப்படி வைப்பது

முதலில் வைக்க வேண்டியது இரவு நேரப் பூட்டு. 10 மணியிலிருந்து காலை 6 வரை. சனிக்கிழமை ராத்திரிக்கு 11 என்று தளர்த்தலாம், ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனி நேரம் வைக்க முடியும். பூட்டிய பிறகும் போன் அழைப்பு வரும், எடுக்கலாம். பள்ளி நாளில் மொத்தம் 2 மணி நேரம், அதில் ஒரு விளையாட்டுக்கு 45 நிமிடம் என்பது சண்டை குறைவாக வரும் அளவு. அதற்குக் கீழே போனால் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் ஆடுவான், அது உங்கள் கணக்கிலேயே வராது. பாடக் குழு இருக்கும் வாட்ஸ்அப்பை 'எப்போதும் அனுமதி' பட்டியலில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் பூட்டிக்கொள்ளும். ஆனால் அப்படிப் போட்டால் இரவு 12 மணிக்கும் வாட்ஸ்அப் திறந்தே இருக்கும் என்பதை மறக்காதீர்கள். இரண்டையும் சேர்த்துச் சமாளிக்கும் வழி இந்தச் செயலியில் சரியாக இல்லை. போனை இரவில் கூடத்தில் சார்ஜ் போடுவதுதான் இன்றைக்கும் நல்ல தீர்வு.

அடுத்து, தெரியாத இடத்திலிருந்து ஆப் நிறுவுவதை மூடுங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் மிக முக்கியம். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகு 'கலர் பிரெடிக்‌ஷன்', சூதாட்ட ஆப்கள் எல்லாம் டெலிகிராம் லிங்க் வழியாக நேரடிக் கோப்பாகத்தான் வருகின்றன. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வரும் அந்தக் கோப்பை இந்த ஒரு சுவிட்ச் தடுத்துவிடும்.

குரோமில் ஆபாசத் தளங்களை வடிகட்டும் வசதி உண்டு, மறைநிலை ஜன்னலும் போய்விடும். அது குரோமுக்கு மட்டும். ஓப்பரா மினியோ வேறு பிரவுசரோ இருந்தால் நீக்கிவிட்டு, புதிதாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராம், டெலிகிராம் உள்ளேயே திறக்கும் பக்கங்களை இந்த வடிகட்டி தொடுவதில்லை.

ஒப்புதல் கொடுக்கும் ஆள் யார் என்பதையும் யோசித்து வையுங்கள். காசிமேட்டில் விசைப்படகில் போகும் அப்பா நாள் கணக்கில் கடலில் இருப்பார், மணலி, எண்ணூர் பக்கம் ஷிஃப்ட்டில் இருப்பவர் போனை லாக்கரில் வைத்திருப்பார். பையன் அனுப்பும் கோரிக்கை அங்கே போய்த் தூங்கும். பிறகு அவன் குறுக்கு வழி தேடுவான். அதனால் அம்மாவையும் குடும்பக் குழுவில் பெற்றோர் என்ற தகுதியில் சேர்த்துவிடுங்கள், யார் போனிலிருந்தும் அனுமதிக்கலாம். பையன் போனில் நெட் இல்லாதபோது திறக்க, பெற்றோர் செயலியில் ஒரு தற்காலிக எண் வரும், அதை வாயால் சொன்னால் போதும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அப்பா கரையில் இருப்பார், பள்ளிக்கும் பெரும்பாலும் லீவு. அப்போது பழைய நேர அட்டவணையை அப்படியே விட்டால் வீட்டில் தினம் சத்தம்தான். விடுமுறைக்கென்று தனி நேரம் போடுங்கள்.

சில போன்களில் ஃபேமிலி லிங்க் திடீரென்று செத்ததுபோல் இருக்கும். நேரம் கணக்காகாது, இருப்பிடம் நேற்றையதைக் காட்டும். பேட்டரி சேமிப்பு அந்தச் செயலியைப் பின்னணியில் கொன்றிருக்கும். இரண்டு போனிலும் அதற்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, தானாகத் தொடங்க அனுமதி கொடுங்கள். இருப்பிடப் புள்ளியை ரொம்ப நம்பவும் வேண்டாம். பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் புள்ளி இரண்டு தெரு தள்ளிக் காட்டுவது சாதாரணம். அதை வைத்துப் பையனைப் பொய்யன் என்று அடித்துவிடாதீர்கள்.

பசங்க கண்டுபிடித்து வைத்திருக்கும் ஓட்டைகளும் உண்டு. ஷாவ்மியில் 'டூயல் ஆப்ஸ்', சாம்சங்கில் 'டூயல் மெசஞ்சர்', விவோவில் 'ஆப் குளோன்' என்று ஒரே ஆப்பை இரண்டாக்கும் வசதி இருக்கிறது. ஒரு வாட்ஸ்அப் உங்களுக்குக் காட்டுவதற்கு, இன்னொன்று அவனுக்கு. செட்டிங்ஸில் இந்தப் பெயர்களைத் தேடிப் பாருங்கள். இன்னொரு ஓட்டை, பழைய போன். அலமாரியில் கிடக்கும் உடைந்த போனில் பக்கத்து வீட்டு வைஃபையைப் போட்டால் முடிந்தது கதை.

ஒரே போன் இருக்கும் வீடு

வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் பல வீடுகளில் அம்மாவின் போன்தான் எல்லோருடைய போனும். அங்கே ஃபேமிலி லிங்க்குக்கு வேலையே இல்லை, ஏனென்றால் அது கணக்கைக் கண்காணிக்கும், ஆளைக் கண்காணிக்காது. அதற்குப் பதில் மூன்று காரியம் செய்யுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். அதே இடத்தில் பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு ஒரு பின் போடுங்கள். மூன்றாவதுதான் கஷ்டமானது: ஜிபே பின்னை மாற்றுங்கள். "கடைக்குப் போயி ஜிபே பண்ணிட்டு வா" என்று அனுப்பி அனுப்பி, வீட்டிலேயே அந்த நான்கு அல்லது ஆறு எண் நன்றாகத் தெரிந்த ஆள் பையன்தான். யுபிஐ லைட் போட்டிருந்தால் 1,000 ரூபாய் வரை பின்னே கேட்காது, அதில் 5,000 வரை நிரப்பி வைக்கலாம். பகிரும் போனில் அதை நீக்கிவிடுவது நல்லது.

இனி, செயலி பார்க்காதவை

ஃபேக் ஐடி மிரட்டல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதி பயம் போகும். இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் பெயரில் ரிக்வெஸ்ட் வரும். உங்கள் பையனின் நண்பர்கள் இரண்டு, மூன்று பேர் ஏற்கெனவே அந்த ஐடியைப் பின்தொடர்வதால் நம்புவான். ஒரு மணி நேரத்தில் பேச்சு நெருக்கமாகும், வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ வரச் சொல்லும். வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடுவது முன்பே எடுத்த வீடியோ, இந்தப் பக்கம் பையன் பதிவாகிறான். கால் முடிந்த ஐந்தாவது நிமிடம் அவன் பின்தொடர்வோர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் வரும், "உங்க அக்காவுக்கு அனுப்பட்டா?" என்று கேள்வி வரும், பிறகு ஒரு யுபிஐ ஐடி வரும். கொடுத்தால் அடுத்த நாள் போலீஸ் அதிகாரி என்று சொல்லி இன்னொருவன் கூப்பிடுவான். உண்மையான போலீஸ் வீடியோவை அழிக்கப் பணம் கேட்காது.

பணம் கொடுத்தால் நிற்காது. கொடுக்கும் ஆள் என்று குறித்துக்கொண்டு மறுபடி கேட்பார்கள். சாட் உரையாடலை அழிக்காதீர்கள். ஐடியின் பெயரை மட்டும் எடுத்தால் பயனில்லை, ப்ரொஃபைலின் யூசர்நேம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், காட்டும் பெயரை அவன் நொடியில் மாற்றிவிடுவான். கூடவே போன் எண், யுபிஐ ஐடி, பணம் போயிருந்தால் பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண். அதன்பிறகு செயலியிலேயே புகார் அளித்து, பிளாக் செய்யுங்கள். அந்தப் படத்தை 'ஆதாரத்துக்கு' என்று மாமாவுக்கும் வாத்தியாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவே கூடாது. 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும் உண்டு.

இதே காரணத்தால் பையனின் வாட்ஸ்அப்பில் தானாக மீடியா இறங்குவதை நிறுத்திவையுங்கள். வகுப்புக் குழுவில் எவனோ போட்ட கிளிப் அவன் கேலரியில் கிடக்கும். இது குற்றமா என்ற வழக்கு இங்கே சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் பேசப்பட்டது. 2024 ஜனவரியில் வந்த அதன் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, சிறார் ஆபாசப் படத்தை அழிக்காமல், புகார் தெரிவிக்காமல் வைத்திருப்பதும் போக்சோவின் 15ஆம் பிரிவுக்குள் வரக்கூடும் என்று சொன்னது. 'நான் அனுப்பல, பாத்தேன் அவ்ளோதான்' என்பது இனி பாதுகாப்பான பதில் இல்லை.

இன்ஸ்டாகிராமின் டீன் அக்கவுண்ட் இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. ஃபேமிலி லிங்க் விட்ட இடத்தில் கொஞ்சம் உதவும். ப்ரொஃபைல் தானாகவே பிரைவேட் ஆகும், தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, நிர்வாணப் படம் மங்கலாகத்தான் வரும், இரவு 10 முதல் 7 வரை அறிவிப்பு நிற்கும். 16 வயதுக்குள் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். மேற்பார்வையை இணைத்தால் கடந்த 7 நாளில் யாரோடு பேசினான் என்பது தெரியும், என்ன பேசினான் என்பது தெரியாது. அந்த அளவு போதும் என்பதே எங்கள் கருத்து. ஆனால் இதெல்லாம் அவன் சரியான பிறந்த வருடத்தைக் கொடுத்திருந்தால்தான். இந்தப் பகுதியில் ஏழாவது படிக்கும் பையனின் இன்ஸ்டா வயது 22 ஆக இருப்பது அதிசயமில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

விளையாட்டில் போகும் பணம் சின்னச் சின்னதாகப் போகும். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது, மேக்ஸ் பதிப்பு பிளே ஸ்டோரில் தொடர்ந்தது, அதைத்தான் பசங்க ஆடுகிறார்கள். "பாதி விலையில் டைமண்ட்" என்று வரும் டெலிகிராம் ஆள் முதலில் பிளேயர் ஐடி கேட்பான், பிறகு லாகின் கேட்பான், கடைசியில் இரண்டு வருடம் ஆடிச் சேர்த்த ஐடியே போய்விடும். டாப்அப் வேண்டுமென்றால் விளையாட்டுக்குள்ளேயே, உங்கள் ஒப்புதலோடு, மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை. மாதம் 100 ரூபாய் அனுமதிக்கும் வீட்டில் திருட்டுத்தனம் குறைவு. பிஜிஎம்ஐ (இந்தியாவுக்கான பப்ஜி) என்றால் 18 வயதுக்குக் கீழ் நாளைக்கு 3 மணி நேரம் என்ற வரம்பு விளையாட்டிலேயே உண்டு. அங்கேயும் வயதைப் பொய்யாகப் போட்டால் வரம்பு இல்லை.

ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி முதலாண்டு பையன்களிடம் வருவது வேறு ரகம். "உன் அக்கவுண்ட்டக் குடு மச்சான், ஒரு வாரத்துக்கு, ஐயாயிரம் தரேன்." பாஸ்புக், ஏடிஎம் கார்டு, அந்த எண்ணின் சிம் மூன்றையும் கேட்டால் அது மியூல் அக்கவுண்ட். எங்கோ யாரிடமோ ஏமாற்றிய பணம் அதன் வழியாக ஓடும். சில நாளில் கணக்கு முடங்கும், வேறு மாநிலக் காவல்துறையின் நோட்டீஸ் வரும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வருவதும் அதே கணக்குதான் என்றால் அதையும் எடுக்க முடியாது. மோசடி செய்தவன் பெயர் எங்கேயும் இல்லை, ஆவணத்தில் இருப்பது பையனின் பெயர் மட்டும்.

கத்தி ரீல்ஸ் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, திரையில் இந்தப் பகுதியைக் கத்தியோடு சேர்த்தே காட்டிக் காட்டி ஊருக்கே அலுத்துவிட்டது. ஆனால் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டும் 20 விநாடி வீடியோவைப் போலீஸ் பார்க்கிறது என்பதைப் பையனுக்குச் சொல்லியாக வேண்டும். 'கெத்து' என்று போட்டதை அழித்தாலும் வேறொருவன் பதிவிறக்கி வைத்திருப்பான். 18 நிறையாதவன் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்தின் வாசலில் போய் அம்மா நிற்க வேண்டியிருக்கும்.

உதவி எண்கள், உள்ளது உள்ளபடி

1930 சைபர் மோசடி உதவி எண், பணம் போயிருந்தால் மட்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு, பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் நிறுத்த முடியும். லைன் கிடைக்கச் சில முறை முயல வேண்டியிருக்கும், விடாதீர்கள். வங்கிப் பெயர், தொகை, நேரம், யுடிஆர் எண், எதிராளியின் யுபிஐ ஐடி ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் அன்றே முழுப் புகாரையும் பதியுங்கள்.

அதே தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றம் என்ற பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். அப்படித் தந்தால் பிறகு நிலவரம் பார்க்க முடியாது. பையனின் படம் வெளியே போகும் ஆபத்து இருந்தால் பெயரோடு தருவதே நல்லது.

டேக் இட் டவுன், அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023 பிப்ரவரியில் தொடங்கிய இலவசச் சேவை. நம்மூரில் யாருக்கும் தெரியாத நல்ல கருவி. பையனின் போனில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படம் எங்கும் போகாமல் போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாகும். அந்த அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அங்கே அதே படம் ஏறினால் பிடிபடும். பெயர் கேட்பதில்லை. குறைகள் உண்டு. வாட்ஸ்அப் அரட்டைக்குள் ஓடுவதை இது தடுக்காது. படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் அடையாளம் பொருந்தாமல் போகலாம். கோப்பு கையில் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, அதனால் மிரட்டியவன் அனுப்பிய கிளிப்பைப் பயத்தில் அழிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். 18 தாண்டியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்று இதேபோல் ஒன்று இருக்கிறது.

போலீஸ் ஸ்டேஷன் என்றால் போக்சோ புகார் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும். 15 வயதுப் பையனை அங்கே அழைத்துப் போக அப்பாக்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, வாக்குமூலத்தை முடிந்தவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டப்படி வீட்டிலோ அவன் சொல்லும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும். இரவில் பிள்ளையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. ஊடகம் அவன் பெயரை வெளியிடக் கூடாது. இந்த நாலையும் தெரிந்துகொண்டு போனால் பேச்சு மாறும்.

1098 குழந்தைகள் உதவி எண், எந்த நேரமும் எடுக்கும், பையனே கூப்பிடலாம். பள்ளி சம்பந்தமாக என்றால் 14417. படம் வெளியாகிவிட்டது என்று ஒடிந்துபோய் இருப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது புகார் எண் இல்லை. டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416ல் தமிழில் பேசலாம். 'செத்துடலாம்' என்ற பேச்சு வந்தால் அன்று ராத்திரி அவனைத் தனியே விடாதீர்கள், காலையில் ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில் "ஏன்டா பண்ணின" என்ற விசாரணை வேண்டாம்.

பூட்டுப் போடும் நாளன்றே சொல்ல வேண்டியது

செயலியை நிறுவும் அந்த அரைமணியில் இதையும் சொல்லிவிடுங்கள், உங்கள் பேச்சிலேயே: "யாரனா உன் போட்டோவ வச்சி மெரட்டுனா காசு குடுக்காத, மொதல்ல எங்கிட்ட வா. போனைப் புடுங்க மாட்டேன். அடிக்க மாட்டேன். அப்பாகிட்ட எப்பச் சொல்றதுன்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணலாம்." இதில் 'போனைப் புடுங்க மாட்டேன்' என்ற வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். படம் வெளியாவதைவிட, போன் போகும், உதை விழும் என்ற பயம்தான் பையன்களைத் தனியாகப் பணம் கொடுக்க வைக்கிறது. அம்மா, அப்பாவிடம் வராவிட்டால் யாரிடம் போவான் என்பதையும் அவனையே சொல்லச் சொல்லுங்கள். தாய்மாமன், பெரியம்மா மகன், வியாசர்பாடி மைதானத்துக் கால்பந்து கோச்சு, யாராக இருந்தாலும் சரி. அந்த ஆளிடம் 1930, 1098 இரண்டும் போனில் பதிந்திருக்கட்டும்.

வயது வாரியாக எங்கள் மதிப்பீடு: 12 வரை ஃபேமிலி லிங்க் கட்டாயம், ஐந்துக்கு நாலரை. 13 முதல் 15 வரை பையன் சம்மதத்தோடு, இரவுப் பூட்டும் ஆப் ஒப்புதலும் மட்டும், மூன்று. 16 வயதிலிருந்து ஐந்துக்கு ஒன்றுதான். அவன் போனிலேயே இருக்கும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் தன் நேரத்தைத் தானே வைக்கச் சொல்லிவிட்டு, அந்த அரைமணியை ஜிபே பின்னை மாற்றவும் மியூல் அக்கவுண்ட் என்றால் என்ன என்று பேசவும் செலவழியுங்கள்.